யாரும் தொடாத மல்ச்: ஆறு பேர் டிராஃப்டில் சிலந்தி டெக் கட்டுவது எப்படி

மேஜிக் த கேதரிங் என்ற கார்டு விளையாட்டில், ஆளுக்கொரு பேக் (கார்டுக் கட்டு) பிரித்து, ஒரு கார்டை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்து ஆளிடம் தள்ளி, சேர்ந்த கார்டில் ஆளுக்கொரு டெக் (ஆடும் கட்டு) கட்டி ஆடுவதுதான் டிராஃப்ட். எங்கள் மேசையில் பேக் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் ஒரே ஒரு கார்டு மிஞ்சினால், அது பெரும்பாலும் மல்ச்சாகத்தான் இருக்கும். பச்சை நிறம், இரண்டு மானா (மானா என்பது கார்டை விடக் கொடுக்கும் விலை, லேண்ட் கார்டிலிருந்து வரும்). லைப்ரரியின் (நாம் கார்டு இழுக்கும் கட்டு) மேலே இருக்கும் நான்கு கார்டை எல்லோருக்கும் காட்ட வேண்டும். அதில் லேண்ட் இருந்தால் கைக்கு வரும், மற்றதெல்லாம் கிரேவ்யார்டுக்கு, அதாவது செத்ததும் விட்டு முடிந்ததும் குவியும் இடத்துக்குப் போகும். "என் கார்டை நானே குப்பையில் கொட்டணுமா மாமா?" என்று அக்கா மகன் முதல் நாளே கேட்டான். அன்றைக்கு எனக்கும் பதில் தெரியவில்லை. பிறகு மூன்று மாதம் தொடர்ந்து அவனை அந்தக் குப்பையை வைத்தே ஜெயித்தேன். அதை எப்படிச் செய்வது என்று இங்கே சொல்கிறேன்.

நான் மொரிஷியசில், ரோஸ்ஹில்லில் இருக்கிறேன். ஆரம்பப் பள்ளியில் தமிழ் வாத்தியார். மாதத்தில் ஒரு ஞாயிறு, காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, கராஜில் மேசை போட்டு மேஜிக் த கேதரிங் டிராஃப்ட் ஆடுவோம். அம்மாவைப் பொறுத்தவரை இது சீட்டாட்டம். "வாத்தியார் வீட்டிலேயே சீட்டுக்கட்டா" என்று முனகிக்கொண்டேதான் காத்தோ பிமா சுட்டுத் தருவார். மசால் வடையின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ரொட்டியில் வெண்ணெய் தடவி அதற்குள் வைத்துச் சாப்பிடுவோம். ஆளுக்கு நூறு ரூபாய் கட்டணம். இந்த ஊர் நூறு ரூபாய் நோட்டில் ரெங்கநாதன் சீனிவாசன் படமும் தமிழ் எழுத்தும் இருக்கும். அதனாலோ என்னவோ, அந்தப் பணத்தின் மேல் மட்டும் அம்மாவுக்குக் கோபம் வராது.

நாங்கள் ஆடுவது 2011 செப்டம்பர் கடைசியில் வந்த இன்னிஸ்த்ராட் செட். அதன் பழைய பூஸ்டர்களை (பிரிக்காத பேக்குகளை) வாங்கிக் கிழிக்க நமக்குக் கட்டுப்படியாகாது. அதனால் கார்டுகளைத் தனித்தனியாக வாங்கிச் சேர்த்து ஒரு பெட்டி ஆக்கினோம். கமன் (எளிதில் கிடைப்பது) 100 வகை, வகைக்கு நான்கு. அன்கமன் (கொஞ்சம் அரிது) 60 வகை, வகைக்கு இரண்டு. ரேர் (மிக அரிது) கிடைத்த வரைக்கும் ஒவ்வொன்று. பாதி ஆங்கிலம், பாதி பிரெஞ்சு. ரீயூனியனில் இருக்கும் மச்சான் வரும்போதெல்லாம் ஒரு கட்டு பிரெஞ்சுக் கார்டு கொண்டுவருவார். ஆடுவதற்கு முன் கலைத்து, 11 கமன், 3 அன்கமன், 1 ரேர் என்று 15 கார்டாகக் கட்டினால் ஒரு பேக். ஆறு பேருக்கு மும்மூன்று, மொத்தம் 18 பேக், 270 கார்டு. ஆட்டம் முடிந்ததும் கார்டு திரும்பப் பெட்டிக்குள். யாருடைய பணமும் கரையாது.

பெட்டியைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. ஒருமுறை அதைக் கியூர்பிப்பில் தம்பி வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க விட்டுவைத்தேன். கியூர்பிப் மழை எப்படி என்று இந்தத் தீவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஃபாயில் (பளபளக்கும்) கார்டெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. வளைந்த கார்டு லைப்ரரியில் எங்கே இருக்கிறது என்று மூன்றடி தள்ளி நின்றாலே தெரியும், அப்புறம் அது விளையாட்டே இல்லை. அன்றோடு ஃபாயிலை எடுத்துவிட்டோம். எல்லாக் கார்டுக்கும் பின்பக்கம் தெரியாத ஸ்லீவ், பெட்டிக்குள் நாலு சிலிக்கா ஜெல் பொட்டலம்.

இடுகாட்டுக் கணக்கு

கிரேவ்யார்டை நாங்கள் இடுகாடு என்போம். பையன்கள் முதலில் சுடுகாடு என்றுதான் சொன்னார்கள். வாத்தியார் புத்தி விடவில்லை: "சுட்டால் சாம்பல்தானே மிஞ்சும்? இந்த செட்டில் செத்ததெல்லாம் எழுந்து வருகிறது, புதைத்திருந்தால்தானே எழ முடியும்?" என்றேன். அது முதல் இடுகாடு.

டெக்கின் உயிர் ஸ்பைடர் ஸ்பானிங் என்ற அன்கமன். ஐந்து மானா, அதில் ஒன்று பச்சை. உங்கள் இடுகாட்டில் எத்தனை கிரீச்சர் (சண்டைபோடும் உயிரினம்) கார்டு கிடக்கிறதோ அத்தனை சிலந்தி டோக்கன் (கார்டு இல்லாத அடையாளக் கிரீச்சர்) கிடைக்கும். ஒவ்வொன்றும் 1/2, அதாவது அடிக்கும் பலம் 1, தாங்கும் பலம் 2; பறப்பதையும் தடுக்கும். இதற்கு ஃப்ளாஷ்பேக்கும் உண்டு. ஏழு மானா, அதில் ஒன்று கறுப்பு, கொடுத்தால் இடுகாட்டிலிருந்தே இன்னொரு முறை விடலாம். அதன் பிறகு கார்டு ஆட்டத்தைவிட்டே விலகி எக்ஸைலுக்குப் போகும்.

இடுகாட்டில் ஏழு கிரீச்சர் கிடந்தால் முதல் முறை ஏழு சிலந்தி, அடுத்த முறை குறைந்தது ஏழு. ஒரே கார்டில் பதினான்கு. டிராஃப்டில் அதைத் தாண்டி வரக்கூடிய படை அநேகமாக யாரிடமும் இருக்காது. ஆனால் பேக்கில் பார்க்கும்போது அது எப்படித் தெரிகிறது? ஐந்து மானாவுக்கு இரண்டோ மூன்றோ சின்னச் சிலந்தி. அதனால்தான் எல்லோரும் கடத்திவிடுகிறார்கள். இடுகாட்டை நிரப்பும் கார்டு இல்லாமல் ஸ்பானிங் வெத்து. ஸ்பானிங் இல்லாமல் இடுகாட்டை நிரப்பும் கார்டு அதைவிட வெத்து. இரண்டும் ஒரே ஆள் கையில் சேர்ந்தால்தான் விலை. உலகம் முழுக்க ஆடிய பழைய கைகளுக்கு இது தெரிந்த சங்கதிதான், நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் கராஜுக்கு அந்தச் செய்தி வரவில்லை, அவ்வளவுதான்.

நிரப்பும் கார்டுகளில் எனக்குப் பிடித்த வரிசை இது. மல்ச் முதலில், ஏனென்றால் அது லேண்டையும் கையில் தருகிறது. மூன்று நிறம் ஆட வேண்டிய டெக்குக்கு அது சாதாரண உதவியில்லை. அடுத்து ஆர்மர்ட் ஸ்காப்: மூன்று மானா, 1/4, இறங்கும்போதே நான்கு கார்டை இடுகாட்டில் தள்ளிவிட்டு வாசலில் காவல் நிற்கும். பிறகு ஃபர்பிடன் ஆல்கெமி: மேலே உள்ள நான்கில் வேண்டியதை எடுத்துக்கொண்டு மூன்றைப் புதைக்கலாம், ஆட்டம் நீண்டால் ஃப்ளாஷ்பேக்கும் இருக்கிறது. டிரேஞ்ட் அசிஸ்டன்ட் இரண்டு மானாவில் இறங்கி, ஒவ்வொரு முறை மானா தரும்போதும் ஒரு கார்டைப் புதைக்கும்; வேண்டாம் என்றால் சும்மா நிற்கும். அந்த 'வேண்டாம் என்றால்' முக்கியம், பின்னால் சொல்கிறேன். டிரீம் ட்விஸ்ட் மலிவுதான், ஆனால் கார்டைப் புதைப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது. ஒன்றுக்கு மேல் நான் வைப்பதில்லை.

40 கார்டு டெக்கில் 14 கிரீச்சர் இருந்தால், நான்கு கார்டு புதைக்கும் ஒவ்வொரு முறையும் சராசரி 1.4 கிரீச்சர் போகும். மூன்று முறை புதைத்தால் நான்கு. தடுத்துச் செத்தது இரண்டு மூன்று சேர்ந்தால் ஏழு. ஏழு சிலந்தி என்று மேலே நான் சொன்னது ஆசைக் கணக்கு இல்லை, எட்டாவது டர்ன் வாக்கில் சாதாரணமாக வந்துசேரும் எண்ணிக்கை. கிரீச்சர் 12-க்குக் கீழே போனால் இந்தக் கணக்கு படுத்துவிடும்.

எதை எப்போது எடுப்பது

ஆறு பேர் ஆடும்போது நீங்கள் பிரித்த பேக் ஏழாவது முறை உங்கள் கைக்குத் திரும்பும், பதின்மூன்றாவது முறை இன்னொரு தடவை வரும். எட்டுப் பேர் என்றால் ஒன்பதாவதில் ஒரே ஒருமுறை. ஆறு பேர் மேசையில் இந்த டெக் இன்னும் சுலபமாகக் கூடுவதற்குக் காரணம் இதுதான். முதல் பேக்கைப் பிரித்ததும் அதில் மல்ச், ஸ்காப், மெமரிஸ் ஜர்னி (இதைப் பின்னால் விளக்குகிறேன்) எது இருக்கிறது என்று மனதில் குறித்துக்கொண்டு, அதை எடுக்காதீர்கள். முதல் தடவை எவருக்கும் பயன்படும் நல்ல கார்டை எடுங்கள்: கிளாஸ்ட்ரோஃபோபியா, அம்புஷ் வைப்பர் மாதிரி. ஏழாவது முறை அதே பேக் வரும்போது மல்ச் இன்னும் அங்கேயே இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வழி திறந்திருக்கிறது. இரண்டு பேக்கில் இல்லையென்றால் வேறு யாரோ நுழைந்துவிட்டார்கள், ஒதுங்கிவிடுங்கள்.

ஸ்பானிங் மட்டும் இந்த விதிக்குள் வராது. எங்கள் பெட்டியில் அன்கமன் 120, ஒரு ஞாயிற்றுக்கு வெளியே வருவது 54. இரண்டு ஸ்பானிங்கில் ஒன்றாவது மேசைக்கு வர 70 சதவீத வாய்ப்பு. இரண்டும் வர 20 தான். ஆகவே பார்த்த இடத்தில் எடுத்துவிடுங்கள், அது மூன்றாவது பிக்காக (மூன்றாவதாக எடுக்கும் கார்டாக) இருந்தாலும் சரி. ஒன்று போதும். ஆடும்போது அதை இழுக்காவிட்டாலும், எப்படியாவது இடுகாட்டில் விழுந்தால் ஃப்ளாஷ்பேக்கில் வந்துவிடும். தேடவே வேண்டாம், புதைத்தால் கிடைக்கும்.

மீதி 30 சதவீத ஞாயிறுகளில்? போன்யார்ட் வர்ம் இருக்கிறது: இரண்டு மானா, இடுகாட்டில் எத்தனை கிரீச்சரோ அவ்வளவு பெரிய புழு. மேக்‌ஷிஃப்ட் மாலர், ஸ்டிச்ட் டிரேக் இரண்டும் இடுகாட்டிலிருந்து ஒரு கிரீச்சரைத் தின்றுவிட்டு எழுந்து வரும். மாலர் நான்கு மானாவுக்கு 4/5, டிரேக் மூன்று மானாவுக்குப் பறக்கும் 3/4. மோசமில்லாத டெக்தான். ஆனால் ஸ்பானிங் கையில் இருக்கும் நாளில் மாலரையும் டிரேக்கையும் தொடாதீர்கள். தின்னும் கிரீச்சர் ஒவ்வொன்றும் இரண்டு சிலந்தியின் நஷ்டம்.

கடைசியாக ஒன்று: நா டு த போன். மூன்று மானா, இடுகாட்டில் இருக்கும் கிரீச்சர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு உயிர்ப் புள்ளி, ஃப்ளாஷ்பேக்கும் அதே மூன்று. எட்டுக் கிரீச்சர் கிடந்தால் 16-உம் 16-உமாக 32. ஆட்டம் தொடங்குவதே 20-இல். டிராவல் பிரிபரேஷன்ஸை (கிரீச்சர்களைப் பெரிதாக்கும் கார்டு) வைத்து ஐந்தாவது டர்னில் ஆளை முடிக்கப் பார்க்கும் பச்சை வெள்ளை டெக்காரன் முகத்தை அந்த நேரத்தில் பார்க்க வேண்டும். பதின்மூன்றாவது பிக்கிலும் இது எனக்கு வந்திருக்கிறது.

நன்றாக அமைந்த ஒரு நாளின் என் பட்டியல்: ஸ்காப் 2, அசிஸ்டன்ட் 2, வைப்பர் 2, கிரேவ் பிராம்பிள் 2, வுட்லேண்ட் ஸ்லூத் 2, போன்யார்ட் வர்ம், செல்ஹாஃப் ஆக்கல்டிஸ்ட், ஃபோர்ட்ரஸ் க்ராப், ஆர்ச்சர்ட் ஸ்பிரிட் ஒவ்வொன்று. அது 14 கிரீச்சர். மல்ச் 3, ஆல்கெமி 2, ஸ்பானிங், ஜர்னி, நா, கிளாஸ்ட்ரோஃபோபியா ஒவ்வொன்று, அது 9. லேண்ட் 17: காடு 8, தீவு 6, சதுப்பு 2, ஷிம்மரிங் க்ராட்டோ 1. கறுப்பு ஃப்ளாஷ்பேக்குக்கு மட்டும்தான். கையிலிருந்து விடும் கறுப்புக் கார்டு ஒன்றுகூட வைக்காதீர்கள், எவ்வளவு நல்ல கார்டாக இருந்தாலும். விக்டிம் ஆஃப் நைட்டுக்கு இரண்டு கறுப்பு மானா. நான் ஆசைப்பட்டு அதை வைத்த அன்று, மூன்று ஆட்டமும் அது கையிலேயே ஊறியது.

நான் என்னையே புதைத்த கதை

முதல் தடவை இந்த டெக்கைக் கட்டியபோது கர்ஸ் ஆஃப் த பிளடி டோம் இரண்டு வைத்தேன். எதிரியின் மேல் போட வேண்டிய சாபம் அது: சாபம் பட்டவர் தன் டர்ன் தொடங்கும்போதெல்லாம் இரண்டு கார்டைப் புதைக்க வேண்டும். நான் புத்திசாலியாக அதை என் மேலேயே போட்டுக்கொண்டேன், ஒன்றல்ல, இரண்டு. டர்னுக்கு நான்கு புதைகிறது, ஒன்று இழுக்கிறேன், ஐந்து குறைகிறது. ஆறு டர்னில் இடுகாடு கல்யாண வீட்டு வாசல் மாதிரி நிரம்பிவிட்டது. ஒன்பது சிலந்தி இறக்கினேன். எதிரே இருந்தவர் எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர், அமைதியான மனிதர். அவர் தாக்கவே இல்லை. என் லைப்ரரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எத்தனை மிச்சம், சார்?" என்றார்.

எண்ணினேன். நான்கு.

காலியான லைப்ரரியிலிருந்து கார்டு இழுக்க வேண்டி வந்தால் தோல்வி. அவரிடம் உயிர் 17, என் ஒன்பது சிலந்தி அப்போதுதான் இறங்கியது, அந்த டர்னில் தாக்க முடியாது. அடுத்த டர்ன் தொடக்கத்தில் சாபம் நான்கையும் புதைத்தது. இழுக்க ஒன்றுமில்லை. "ஆயோ" என்று கராஜே சேர்ந்து கத்தியது. இந்தத் தீவில் சீனர், கிரியோல், முஸ்லிம், எல்லோரும் ஆயோ என்றுதான் சொல்வார்கள். நம் ஐயோ கொடுத்த கொடை.

அதனால் இரண்டு பழக்கம் வந்தது. நிறுத்த முடியாத எதையும் டெக்கில் வைப்பதில்லை. அசிஸ்டன்ட் நான் சொன்னால்தான் புதைக்கும். சாபம் என் பேச்சைக் கேட்காது. இரண்டாவது, ஒவ்வொரு டர்னும் லைப்ரரியை எண்ணுவது. ஆரம்பக் கை 7 போனால் 33. எட்டு டர்ன் இழுத்தால் 25. மூன்று முறை நான்கு நான்காகப் புதைத்தால் 13. அந்தப் பதின்மூன்றுக்கு வந்ததும் புதைப்பதை நிறுத்திவிடுவேன், கையில் மல்ச் இருந்தாலும் விட மாட்டேன். ஜர்னி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் அதற்குக் கீழே போகலாம்.

ஜர்னி என்றால் மெமரிஸ் ஜர்னி. இரண்டு மானா, நீலம். ஒருவருடைய இடுகாட்டிலிருந்து மூன்று கார்டு வரை அவருடைய லைப்ரரியில் திரும்பக் கலக்கலாம். ஃப்ளாஷ்பேக் ஒரே ஒரு பச்சை மானா. கையில் இருந்தால் இரண்டு முறை, இடுகாட்டில் விழுந்தாலும் ஒருமுறை. மூன்று கார்டு என்றால் மூன்று டர்ன் ஆயுள். எதைக் கலப்பது? கிரீச்சரை ஒருபோதும் வேண்டாம், சிலந்தி குறையும். கையிலிருந்து விட்டு இடுகாட்டில் கிடக்கும் ஸ்பானிங், நா, ஆல்கெமி இவற்றைக் கலந்தால் திரும்ப இழுத்துத் திரும்ப விடலாம். எதிரியின் இடுகாட்டையும் குறிவைக்கலாம் என்பதைப் பலர் மறக்கிறார்கள். டிராவல் பிரிபரேஷன்ஸை ஒருமுறை விட்டவரிடம் அந்த டர்னில் ஃப்ளாஷ்பேக்குக்கு மானா இல்லையென்றால், உடனே அதை அவர் லைப்ரரிக்குள் அனுப்பிவிடுங்கள்.

இதோடு ரூனிக் ரிப்பிட்டிஷன் கிடைத்தால் ஆட்டம் முடியவே முடியாது, அதாவது நீங்கள் தோற்கவே மாட்டீர்கள். மூன்று மானா, எக்ஸைலில் கிடக்கும் உங்கள் ஃப்ளாஷ்பேக் கார்டு ஒன்றைக் கைக்குக் கொண்டுவரும். ஒருமுறை மெதுவாகப் படியுங்கள். லைப்ரரி காலி, கையில் ரூனிக், இடுகாட்டில் ஸ்பானிங்கும் ஜர்னியும். முதலில் ஒரு பச்சை மானாவில் ஜர்னியை ஃப்ளாஷ்பேக் செய்து ஸ்பானிங்கையும் வேறு இரண்டையும் லைப்ரரிக்குள் அனுப்புங்கள். ஜர்னி எக்ஸைலுக்குப் போகும். உடனே ரூனிக்கை விட்டால் அதே ஜர்னி கைக்கு வரும். மூன்று டர்ன் இழுத்து ஆடுங்கள், அதற்குள் ஸ்பானிங்கைக் கையிலிருந்தே விட்டிருப்பீர்கள். லைப்ரரி மறுபடி காலியானதும் கையில் இருக்கும் ஜர்னியால் ரூனிக்கையும் ஸ்பானிங்கையும் இன்னொன்றையும் உள்ளே அனுப்புங்கள். ரூனிக்கை இழுத்ததும் அவசரப்பட்டு விடாமல், லைப்ரரி காலியாகும் வரை கையில் வைத்திருங்கள். காலியானதும் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டீர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு ஸ்பானிங். இந்தச் சுழற்சி நடக்கும்போது ஸ்பானிங்கை மட்டும் ஃப்ளாஷ்பேக்கில் விடாதீர்கள், அதுவும் எக்ஸைலுக்குப் போய்விட்டால் ரூனிக் யாரைக் காப்பாற்றுவது என்று திண்டாடும்.

ஒரே ஒரு மலை

டெக்கின் இன்னொரு பலவீனத்தை அக்கா மகன்தான் காட்டினான். அன்றைக்கு என் பக்கம் பதினொரு சிலந்தி, இரண்டு ஸ்காப். அவன் பக்கம் இரண்டு ஓநாய். மானா நிறைய இருந்ததால் ஸ்பானிங்கைக் கையிலிருந்து விட்டு, அடுத்த டர்னே ஃப்ளாஷ்பேக்கும் செய்திருந்தேன். அடுத்த டர்ன் தாக்கினால் முடிந்தது. அவன் ஒரே ஒரு மலையை (சிவப்பு மானா தரும் லேண்ட்) மானாவுக்காகத் திருப்பினான். "மன்னிச்சுக்கங்க மாமா" என்று பிளாஸ்ஃபமஸ் ஆக்டை மேசையில் வைத்தான். ஒன்பது மானா கார்டு அது. ஆனால் மேசையில் இருக்கும் கிரீச்சர் ஒவ்வொன்றுக்கும் ஒரு மானா குறையும். ஒரு சிவப்பு மட்டும் கட்டாயம். எல்லாக் கிரீச்சருக்கும் 13 அடி. அதாவது என் சிலந்திகளே அவனுக்குத் தள்ளுபடி வாங்கிக் கொடுத்திருந்தன.

இப்போது கையிலிருந்து ஸ்பானிங்கை விட்டால், ஃப்ளாஷ்பேக்குக்கான ஏழு மானாவை அப்படியே நிறுத்திவைக்கிறேன். மேசை துடைக்கப்பட்டால் செத்த ஸ்காப்பும் வைப்பரும் இடுகாட்டில் சேரும். டோக்கன் கார்டு இல்லை, அது சேராது. அடுத்த டர்னில் ஃப்ளாஷ்பேக் முன்னைவிடப் பெரிய படையைத் தரும். எதிரில் இருப்பவர் வெள்ளை நிறம் என்றால் மட்டும் காத்திருப்பதில் ஆபத்து உண்டு: பியூரிஃபை த கிரேவ் ஒரே ஒரு வெள்ளை மானாவில் இடுகாட்டுக் கார்டு ஒன்றைத் தூக்கிவிடும், அதற்கும் ஃப்ளாஷ்பேக் இருக்கிறது. முதல் ஆட்டத்தில் அதைப் பார்த்தால், அடுத்த ஆட்டத்தில் ஏழு மானா கிடைத்த நொடியே விட்டுவிடுங்கள்.

முதல் ஐந்து டர்னைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தடுங்கள். செத்தால் நல்லதுதான் என்று மனசாரத் தடுங்கள்.

புளியங்கொட்டை

இருபது சிலந்திக்கு டோக்கன் கார்டு யாரிடம் இருக்கிறது? முதலில் காசு வைத்தோம், எது திருப்பியது எது திருப்பாதது என்று சண்டை வந்தது. அம்மாதான் தீர்த்துவைத்தார், சீட்டாட்டத்தைத் திட்டிக்கொண்டே. தாயம் ஆட நாம் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்குவோம் இல்லையா, அதேபோல் முப்பது கொட்டையைக் கராஜ் சிமெண்டில் தேய்த்துக் கொடுத்தார். கறுப்புப் பக்கம் மேலே என்றால் சிலந்தி தயார், வெள்ளைப் பக்கம் மேலே என்றால் தாக்கிக் களைத்தது. அந்த டர்னில்தான் இறங்கியதைத் தனிக் குவியலாக, கொஞ்சம் தள்ளி. இதைவிடத் தெளிவான டோக்கனை நான் எங்கும் பார்த்ததில்லை.

நேரத்தையும் கவனியுங்கள். மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்க வேண்டும், எங்கள் சுற்றுக்கு 50 நிமிடம். இந்த டெக் மெதுவானது. முதல் ஆட்டமே 35 நிமிடம் ஓடி, இரண்டாவது முடியாமல் மணி அடித்த நாளும் உண்டு. எதிரி டர்னிலேயே உங்கள் கணக்கை முடித்துவையுங்கள்: இடுகாட்டில் எத்தனை, லைப்ரரியில் எத்தனை. கிரீச்சர்களைத் தனி வரிசையாக அடுக்கினால் ஒரே பார்வையில் எண்ணிவிடலாம். போன சூறாவளிக் காலத்தில் மூன்றாம் நிலை எச்சரிக்கை விழுந்து, முந்தின நாள் வந்தவர்கள் யாரும் வீட்டுக்குப் போக முடியாமல் இங்கேயே தங்கினார்கள். அன்றைக்கு மட்டும் கடிகாரம் வைக்கவில்லை. மருந்துக்கடைக்காரரும் நானும் ரூனிக் சுழற்சியோடு ஒரே ஆட்டத்தை இரண்டு மணி நேரம் ஆடினோம், எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில்.

இப்போது எங்கள் மேசையில் இந்த டெக்கின் மவுசு ஏறிவிட்டது. போன ஞாயிறு முதல் பேக்கைப் பிரித்ததும் அக்கா மகன் யோசிக்காமல் மல்ச்சை எடுத்தான். அவனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரும் இரண்டாவது பிக்கில் ஸ்காப் எடுத்ததைப் பின்னால் சொன்னார். ஏழாவது முறை என் பேக் திரும்பி வந்தபோது அதில் பச்சையில் நிரப்பும் கார்டு ஒன்றுகூட இல்லை. டிராவல் பிரிபரேஷன்ஸ் இருந்தது. ஏழாவது பிக்கில்! எடுத்துக்கொண்டேன். அன்றைக்குப் புளியங்கொட்டை டப்பா அக்கா மகன் பக்கம் இருந்தது. அவன் ஆறாவது கொட்டையை எண்ணி வைப்பதற்குள் ஆட்டத்தை முடித்துவிட்டேன்.